சுரண்டாத பசை

“எங்க அப்பாவை வெளிய கொண்டாந்துடுங்கன்னு கேக்க வரலைங்க. அவருதான் கொன்னாருன்னா அங்கயே கெடக்கட்டும். கொன்னாரா இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரியணும்.”

தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த அந்த அறையில், சுடர்விழி நின்றுகொண்டே பேசினாள். நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. புருஷன் செத்து மூன்று நாள். பதினாறு முடியாமல் வாசப்படி தாண்டக் கூடாது என்ற சொந்தபந்தத்தை உதறிவிட்டு டவுன் பஸ் ஏறி வந்திருந்தாள்.

இளம்பரிதி குறுக்கே பேசாமல் கேட்டான். நாற்பத்தொரு வயது. அப்பனும் ஆத்தாளும் நடவுக்கும் அறுப்புக்கும் போய் அவனைப் படிக்க வைத்தார்கள். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் பத்து வருஷம் இருந்தான். மெய்யான விபத்துகளையும் பொய் என்று எழுதச் சொன்னபோது கணக்கை முடித்துக்கொண்டு வந்து, சொந்தமாகத் துப்பறியும் தொழில் செய்ய இந்த அறையை வாடகைக்குப் பிடித்தான்.

அவள் சொன்னது இதுதான். வல்லம் சாலையில் ஒரு மரப்பட்டறை. அவள் அப்பா கோவிந்தராசுவுக்கு அங்கே பலகைகளைப் பசை போட்டு ஒட்டுகிற வேலை. அவள் புருஷன் பிரபுவுக்கு ரவுட்டர் ஓட்டுகிற வேலை. ரவுட்டர் என்பது இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளுகிற மெஷின். அதன் நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டும் பிட்டு, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றிப் பலகை ஓரத்தை வழவழப்பாக உருட்டிக் கொடுக்கும். ஆடி அமாவாசைக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஓர் ஊஞ்சல் பலகையின் ஓரத்தை உருட்டிக்கொண்டிருந்தபோது பிட்டு ஒடிந்து பிரபுவின் கழுத்தில் பாய்ந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும் முன்பே உயிர் போய்விட்டது.

விபத்து என்று எல்லோரும் எரித்துவிட்டு வந்தார்கள். நேற்று சாயங்காலம் கோவிந்தராசு தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், ‘என் மாப்பிள்ளையைக் கொன்னது நான்தான்’ என்று சொல்லிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“எப்படிக் கொன்னேன்னு சொன்னாரு?”

“பசையைச் சுரண்டாம விட்டுட்டாராம். அது காஞ்சு கல்லாகி பிட்டை ஒடிச்சிடுச்சாம்.”

“பசையாலயா?” என்றாள் மூலையிலிருந்து சந்திரலேகா. “எங்க பக்கம் அருவாளே வெட்டறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிக்கும்.”

அக்கரைப்பேட்டை மீன்காரக் குடும்பத்துப் பெண். இளம்பரிதிக்கு உதவியாளாக வந்து நாலு வருஷம். வாய்க்கு பிரேக் கிடையாது, ஸ்கூட்டருக்கும் கிடையாது. இளம்பரிதி ஒரு பார்வை பார்த்ததும், “சாரிம்மா” என்று சுடர்விழியைப் பார்த்துச் சொன்னாள்.

“மாமனார் மாப்பிள்ளைக்குள்ள சண்டை இருந்துச்சா?” என்றான் இளம்பரிதி.

“கோயம்புத்தூர்ல வேலை கெடைச்சிருக்கு, என்னைக் கூட்டிக்கிட்டுப் போறேன்னாரு அவரு. அப்பா விடமாட்டேன்னாரு. பத்து நாளா ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்ல. ஒரே பட்டறைல எதிரும் புதிருமா நின்னுக்கிட்டு.” அவள் முந்தானையை இறுக்கிக்கொண்டாள். “அதைத்தான் இப்ப காரணம்னு எழுதியிருக்காங்க. அஞ்சு மணிக்கு மாஜிஸ்ட்ரேட்டுகிட்ட கொண்டுபோறாங்களாம்.”

மணி பதினொன்று.

* * *

பட்டறை பாதிக் கதவு சாத்திக் கிடந்தது. உள்ளே பாலிஷ் போடுகிற மீரா சாகிப் மட்டும் வேலையில்லாமல் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேலே இருக்கும். விரல் நுனியெல்லாம் வார்னிஷ் ஏறிச் செங்கல் நிறம். யார், எதற்கு என்று கேட்டுக்கொண்டு, பீடியை அணைத்துவிட்டு எழுந்தார்.

“கோவிந்தராசு அண்ணன் கொன்னாருன்னு சொல்றவன் வாயில புழு வைக்கும். வாங்க, காட்டறேன்.”

அலமாரியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் தகர டப்பாவை எடுத்துத் திறந்தார். எண்ணெய்த் துணியில் வரிசையாக ரவுட்டர் பிட்டுகள். ஒவ்வொன்றும் கல்யாணத்துக்குத் துலக்கிய வெள்ளிச் சாமான் மாதிரி இருந்தது.

“பசை போடறவரு எதுக்கு பாய் பிட்டைக் கழுவணும்?” என்றாள் லேகா.

“பசைதானே பாப்பா பிட்டுக்கு எமன். ரெண்டு பலகையைச் சேத்து ஒட்டி கிளாம்பு போட்டு இறுக்கினா, இடுக்கு வழியா கொஞ்சம் பசை பிதுங்கும். கொழுக்கட்டை மாவு பதத்துல இருக்கும்போதே உளியால வழிச்சு எடுத்துடணும். விட்டா காஞ்சுடும். காஞ்ச பசை மேல பிட்டு ஓடிச்சுன்னா, சூட்டுல இளகி வெட்டுவாயில அப்பிக்கும். அப்பினா வெட்டாது, தேய்க்கும். தேய்ச்சா சூடு. சூடானா இன்னும் அப்பும். மரம் கருகும். ஓட்டறவன் ‘என்னடா இது வெட்டலையே’ன்னு அழுத்துவான். அழுத்தினா…”

அவர் எண்ணெய்த் துணியை இழுத்துப் பிட்டுகளை மூடினார்.

இளம்பரிதிக்கு அவன் அம்மாவின் இடது ஆள்காட்டி விரல் ஞாபகம் வந்தது. பாதிதான் இருக்கும். நல்ல கூரான அரிவாள் அதை எடுக்கவில்லை. சேறு அப்பி மழுங்கிய அரிவாள்தான் எடுத்தது. மழுங்கினதால் வேகமாக இழுத்தாள். கூலிக்கு அறுக்கிறவளுக்குக் கரை ஏறிச் சாணை பிடிக்க எங்கே நேரம்?

“இதையெல்லாம் கடைசியா எப்பக் கழுவினாரு?”

“அமாவாசைக்கு முதல் நாள் சாயங்காலம். சோடா உப்புத் தண்ணியில ஊறப் போட்டு, பித்தளை பிரஷ்ஷால தேய்ச்சு, எண்ணெய் தடவினாரு. நான் இதே எடத்துல பாலிஷ் டப்பா மூடிக்கிட்டிருந்தேன்.”

ரவுட்டர் இன்னும் மேஜையிலேயே கிடந்தது. கழுத்தில் பாய்ந்த துண்டைப் போலீஸ் எடுத்துப் போயிருந்தது. மெஷின் வாயில் பிட்டின் அடிக்கட்டை மட்டும் மிச்சம். லேகா குனிந்து பார்த்தாள். கறுப்பும் பழுப்புமாக ஏதோ தடித்து ஒட்டியிருந்தது.

“கஞ்சி அடிபிடிச்ச சட்டி மாதிரி இருக்குண்ணே. ஆனா முதல் நாள்தானே துலக்கி வச்சாங்க? ஒரே ஒரு சோறு வடிச்சதுக்கா இவ்ளோ பிடிக்கும்?”

இளம்பரிதி மீரா சாகிப்பைத் திரும்பிப் பார்த்தான். “இடுக்குல பிதுங்கற பசைக்கு இவ்வளவு பிடிக்குமா?”

“அது நூல் தடிமன்தானே தம்பி. லேசா கறை படியும். இது…” அவர் கட்டை விரலால் உரசிப் பார்த்தார். “கரண்டி கரண்டியா தின்னிருக்கு.”

“அந்தப் பலகை எங்க?”

“முதலாளி வசந்தகுமார் அவரு மில்லுக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. ரத்தம் பட்ட பலகை, பாய்லர்ல போட்டு எரிச்சிடணும்னாரு. சாலியமங்கலத்துல அரிசி மில்லு இருக்கு அவருக்கு.”

“லேகா, அரிசி மில்லுல பாய்லருக்கு என்ன போடுவாங்க?”

“உமி. மலையாட்டம் குவிஞ்சு கெடக்கும்.”

“உமியை ஒதுக்கிட்டுத் தேக்கை எரிக்கறவன்?”

“பைத்தியக்காரன். இல்லைன்னா பயந்தாங்கொள்ளி.” அவள் ஏற்கெனவே சாவியை எடுத்துவிட்டாள்.

வாசலில் இளம்பரிதி நின்றான். “பாய், அமாவாசை அன்னிக்கு இங்க யாரு வேலை செஞ்சா?”

மீரா சாகிப் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். “தச்சுப் பட்டறைல அமாவாசைக்கு யாராவது உளி எடுப்பாங்களா தம்பி? வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அரை நாள் கேட்டா ஆயிரம் கேள்வி. அமாவாசைன்னா எனக்கும் சேத்து லீவு. பூட்டிடுவாங்க.”

“சாவி?”

“முதலாளிகிட்ட. ஒரே சாவி. காலைல அவரே வந்து தொறந்து விடுவாரு.” பிறகு பின்னாலேயே வந்து சொன்னார்: “பலகை கெடைச்சா ஈரத்துணி போட்டுத் துடைச்சுப் பாருங்க. மரம் தண்ணி குடிச்சுக் கறுக்கும். பசை குடிக்காது. வெளுப்பா முழிக்கும்.”

* * *

குறுவைப் பயிரை ஆடிக் காற்று படுக்கப் போட்டு எழுப்பிக்கொண்டிருந்தது. லேகா ஸ்கூட்டரை அதைவிட மோசமாகப் படுக்கப் போட்டு எழுப்பினாள்.

மில்லின் பின்புறம் பாய்லர் அடுப்பு. அதன் பக்கத்துச் சுவரில் சாய்ந்திருந்தது பலகை. ஆறு அடி நீளம், இரண்டு அகலத் துண்டுகளைச் சேர்த்து ஒட்டிய தேக்கு. ஓரத்தில் பழுப்பாகக் காய்ந்த கறை.

“இன்னும் எரிக்கலையா?” என்று லேகா அடுப்புக்காரனிடம் சாதாரணமாகக் கேட்டாள்.

“அடுப்பு வாயைப் பாத்தீங்களா? ஒரு மொழந்தான். ஆறடியை எப்படி நொழைக்கறது? ரம்பம் கொண்டாரேன்னுட்டு மொதலாளி போயிருக்காரு.”

“நல்லவேளை, உங்க மொதலாளி அளந்து பாக்கற ஆளில்ல.”

இளம்பரிதி பலகையைக் களத்தில் படுக்க வைத்தான். நெல் காயப்போடும் பெண்களின் குடத்திலிருந்து தண்ணீர் வாங்கி ஊற்றித் துண்டால் இழுத்துத் துடைத்தான். தேக்கு மெல்லக் கறுத்தது.

நடுவில் இரண்டு துண்டும் சேர்கிற கோட்டை முதலில் பார்த்தான். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சீராகக் கறுத்திருந்தது. ஓர் இடத்தில்கூட வெளுப்பில்லை. கோவிந்தராசு பசையைச் சுரண்டியிருக்கிறார். சுத்தமாக, ஒரு பொட்டு விடாமல்.

“அண்ணே, இங்க பாருங்க.”

கோட்டைவிட்டு ஒரு சாண் தள்ளி, பலகையின் தலைப்பிலிருந்து ஓரத்தை நோக்கிக் கோணலாக ஒரு வெளுத்த ஓடை ஓடியது. அகலமாக, திட்டுத்திட்டாக. அது ஓரத்தைத் தொடுகிற இடத்தில் மரம் கரியாகியிருந்தது. ரவுட்டர் அங்கேதான் நின்றிருந்தது.

“விரிசல்” என்றான் இளம்பரிதி. “மரத்தூளைப் பசைல குழைச்சு அடைச்சிருக்காங்க. காய்ஞ்சா மரம் மாதிரியே தெரியும். மேல பாத்தா பிரபுவுக்கு மட்டுமில்ல, யாருக்குமே தெரியாது.”

பேனாக் கத்தியால் குத்தினான். மேல் தோல் கல்லாக இருந்தது. அதற்குக் கீழே ரப்பர் மாதிரி கத்தியைப் பிடித்துக்கொண்டது. காலை ஏழு மணிக்கு, முந்தின நாள் அடைத்த பசையில், அந்தக் கல்லை உடைத்து இந்த ரப்பருக்குள் போய் மாட்டிய பிட்டை அவன் மனத்தில் பார்த்தான். அதற்கு மேலே பிரபுவின் இரண்டு கையும் அழுத்துகின்றன.

லேகா பசைக்குள் தெரிந்த சின்னக் கரும்புள்ளிகளை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள். “எறும்புன்னு நெனச்சேன். காலைக் காணோம்.” ஒன்றை நசுக்கினாள். உள்ளே வெள்ளை. மோந்து பார்த்தாள். “எள்ளுண்ணே.”

ஆடி அமாவாசை. காவிரிப் படித்துறை முழுக்க அப்பன் ஆத்தாளுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிற கூட்டம். ஈரக் கையில் ஒட்டின எள் அவ்வளவு சுலபத்தில் போகாது. பிறகு யாரோ அந்தக் கையாலேயே பசையைக் குழைத்திருக்கிறார்கள்.

“என்னய்யா பண்றீங்க என் எடத்துல?”

வெள்ளை வேட்டி, கையில் புது ரம்பம். வசந்தகுமார். நாற்பத்தைந்து வயது, மில்லுக்குப் பழகின உரத்த குரல். இளம்பரிதி தான் யார் என்று சொன்னான். பிறகு, “இந்தப் பலகைல பசை பூசினது யாரு சார்?” என்று மட்டும் கேட்டான்.

“அதான் கெழவன் ஒத்துக்கிட்டானே! சுரண்டாம விட்டுட்டான். நான்தான் அவன்கிட்டயே சொன்னேன், ‘நீ சுரண்டாத பலகைய்யா இது’ன்னு. எனக்கும் இதுக்கும் என்ன? அமாவாசை அன்னிக்கு நான் திருவையாறு போயிட்டு நேரா மில்லுக்கு வந்துட்டேன். பட்டறைப் பக்கமே போகலை.”

லேகா தலையை ஆட்டினாள். “சார், எங்க அம்மா கூடைல ஒரு அழுகின மீனு இருந்தா, ‘மேல இருக்கறதெல்லாம் நல்ல மீனு’ன்னு கேக்காமலே சொல்லுவாங்க. அமாவாசையப் பத்தி இங்க யாருமே கேக்கலையே?”

வசந்தகுமார் ரம்பத்தைக் களத்தில் போட்டான்.

* * *

இளம்பரிதி போன் போட்டதும் போலீஸ் வண்டி மில்லுக்குப் போய்ப் பலகையையும் வசந்தகுமாரையும் ஏற்றி வந்திருந்தது. ஸ்டேஷனில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதன் மேல் பலகையைக் கிடத்தியிருந்தார்கள். மணி நாலே கால். எஸ்.ஐ. குந்தவை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பலகையைச் சுற்றி வந்தார். வசந்தகுமார் சுவரோரமாக நின்றான். சுடர்விழி வாசலுக்கு உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் நின்றாள்.

“எள்ளு கோவிந்தராசு கையில ஒட்டினதா இருக்கக் கூடாதா?” என்றார் குந்தவை.

“கோவிந்தராசுவோட அப்பா உயிரோட இருக்காருன்னு அவர் மக சொன்னாங்க மேடம். எண்பத்து நாலு வயசு, படுக்கையில. அப்பன் இருக்கறவன் எள்ளு இறைக்கமாட்டான்.”

“சரி. செத்துப்போன பிரபு?”

இளம்பரிதி பதில் சொல்வதற்குள் வாசலிலிருந்து சுடர்விழி சொன்னாள். “போனாருங்க.” அவள் பலகையைப் பார்த்தாள். “எங்க மாமனார் போன வருஷம்தான் தவறுனாரு. அன்னிக்குக் காலைல அவரும் ஆத்துக்குப் போயி எள்ளு இறைச்சாரு.”

சுவரோரத்தில் வசந்தகுமாரின் முதுகு நிமிர்ந்தது. “கேட்டீங்களா மேடம்? அவனே வந்து பூசியிருப்பான்! அவனே பூசி, அவனே ஓட்டி…”

“அவனே பூசியிருந்தா விரிசல் எங்க ஓடுதுன்னு அவனுக்குத் தெரியும்” என்றான் இளம்பரிதி. “பசை பிட்டை என்ன பண்ணும்னு அவனுக்கு உங்களைவிட நல்லாத் தெரியும். தான் அடைச்ச பசைமேலயே தன் பிட்டை அழுத்தி ஓட்ட எந்த ரவுட்டர்காரனும் சம்மதிக்கமாட்டான். பூசினவனுக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டினவனுக்குப் பூசினது தெரியாது. அதுவும் அமாவாசை அன்னிக்கு, பூட்டின பட்டறைல. சாவி யாருகிட்ட சார் இருக்கு?”

குந்தவை கையை நீட்டினார். வசந்தகுமார் இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தான். கொடுக்கவில்லை. அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்தான்.

“திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம்ங்க. ஊஞ்சலை முன்னாடியே பாக்கணும்னு மறுநாள் காலைல பார்ட்டி வர்றதா இருந்துச்சு. வேற பலகைக்குப் பத்து நாள் ஆகும். சின்ன விரிசல்தானேன்னு…” அவன் யாரையும் பார்க்காமல் சொன்னான். “பையன்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். சொன்னா ஓட்டமாட்டேன்னுடுவான்.”

சுடர்விழி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளறையிலிருந்து கோவிந்தராசுவைக் கூட்டி வந்தார்கள். ஐம்பத்தெட்டு வயதுக்கு எழுபது மாதிரி இருந்தார். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் தொடவில்லை என்று காவலர் சொன்னார். மகள் நின்ற பக்கம் அவர் திரும்பவே இல்லை.

“பெரியவரே, இதைப் பாருங்க.” இளம்பரிதி பலகைமேல் தண்ணீர் ஊற்றித் துடைத்தான்.

கோவிந்தராசு குனிந்தார். கட்டை விரலை ஒட்டுக் கோட்டின் மேல் வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தே போனார். திரும்பவும் அதே வழியாக வந்தார்.

“சுரண்டியிருக்கேன்” என்றார். அதை அவரே நம்பாதவர் மாதிரி இருந்தது. “அன்னிக்கு மூணு பலகை ஒட்டினேன். ரெண்டு ஞாபகம் இருக்கு. மூணாவது சுரண்டினேனா இல்லையான்னு நெனச்சு நெனச்சுப் பாத்தும் வரலைங்க. மனசு இங்க இல்ல. இந்தப் புள்ள ஊரைவிட்டுப் போறதுலயே கெடந்துச்சு. கை அதுபாட்டுக்குச் செஞ்சிருக்கு.”

லேகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்புறம் என்ன பெரியப்பா, வீட்டுக்குப் போலாம்” என்றாள்.

ஆனால் அவர் விரல் அந்த வெளுத்த ஓடைக்கு வந்து நின்றிருந்தது. சட்டென்று பலகையின் ஓரத்தைப் பிடித்துப் புரட்டினார். அடிப்பக்கத்தில், தேய்த்து அழித்தது போக மிச்சமாக, நீலச் சாக்பீஸின் பெருக்கல் குறி.

“இது நான் கழிச்ச பலகை.” அவர் குரல் இறங்கியது. “கிளாம்பை இறுக்கும்போதே தலைப்புல விரிசல் விட்டுச்சு. ஆகாதுன்னு குறி போட்டு ஓரமா சாத்தி வச்சேன். மொதலாளிகிட்டயும் சொன்னேன். இதையா ஓட்டினான் அவன்?”

“பிரபுகிட்ட சொன்னீங்களா?” என்றார் குந்தவை.

கோவிந்தராசு பலகையைப் பழையபடி திருப்பிப் போட்டார்.

“நாலடி தள்ளித்தான் நின்னான். வாயெடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். பேச்சு வார்த்தை இல்லையேன்னு சும்மா இருந்துட்டேன்.”

இளம்பரிதி சுடர்விழியைப் பார்த்தான். தெரியணும் என்று கேட்டவளுக்கு முழுசும் தெரிந்துவிட்டது. அவள் மெல்ல உள்ளே வந்து, பெஞ்சில் பலகைக்கு மிச்சமாக இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

“அவரும் உங்கிட்ட வந்து எதுவும் கேக்கலையேப்பா” என்றாள்.

மின்விசிறிக் காற்றில் பலகை காய்ந்துகொண்டிருந்தது. கறுப்பு வடிய வடிய வெளுப்பும் மங்கி, மரம் எது பசை எது என்று தெரியாமல் போயிற்று. லேகா ஒரு பாட்டில் தண்ணீரைத் திறந்து கோவிந்தராசுவின் கையில் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. பாட்டில் முழுவதையும் பலகையின் மேல் கவிழ்த்து உள்ளங்கையால் துடைத்துவிட்டு, நடுக்கோடு மறுபடியும் சீராகக் கறுத்து வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சுடர்விழி எழுந்து காலிப் பாட்டிலை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். நிரப்பிக்கொண்டு வந்து நீட்டினாள்.

“இது குடிக்கறதுக்கு” என்றாள்.